ஸ்கூட்டரில் போன விதை மூட்டைகள்

ஈரத்தாளில் விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருக்கும்போது விஜயலட்சுமியிடம் யாரும் பேசக்கூடாது. முதலாளியே பேசினாலும் பதில் வராது. நூறாவது விதையை வைத்து, தாளைப் பாய் மாதிரி சுருட்டி, பிளாஸ்டிக் டப்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, "இப்ப சொல்லுங்க சார், இன்னா?" என்பார். ஏழாம் நாள் காலையில் தாளைப் பிரித்து முளைகளை எண்ணுவார். மக்காச்சோளத்தில் தொண்ணூறுக்கு ஒன்று குறைந்தாலும் அந்த விதை வந்த குவியல் கம்பெனி கேட்டைத் தாண்டாது.

சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த விதைக் கம்பெனியில் அவருக்கு இது பதினேழாவது வருஷம். முதலாளி தீனதயாளனுக்கு அவரிடம் ஒரே ஒரு விஷயத்தில் பயம், அவர் மறப்பதில்லை. குவியல்களுக்கு எண் இருந்தாலும் வாய்விட்டு எண் சொல்லமாட்டார். விளைவித்தவரின் ஊரைத்தான் சொல்வார். "களமருதூர்க்காரரு நல்லா எழுந்து நிக்கறாரு சார்" என்றால் தேறிவிட்டது. "நைனார்பாளையத்தாரு தூங்கறாரு, எழுப்பாதீங்க" என்றால் தேறவில்லை. அந்த மூட்டைகள் தீவனத்துக்குப் போகும்வரை குடோனில் கிடக்க வேண்டியதுதான்.

யார் விளைவித்தது, எத்தனை முளைத்தது, எந்த வண்டியில் போனது என்பதெல்லாம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு பழைய புரோகிராமில் இருந்தன. விதை ஆய்வாளர் எந்த நேரத்தில் வந்து எந்தக் குவியலைக் கேட்டாலும் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் லைசென்ஸுக்கே ஆபத்து. அந்தப் புரோகிராமோ, வரவர நடுவில் உறைந்து நின்றுவிட ஆரம்பித்திருந்தது. அதனால் தீனதயாளன் சேலத்திலிருந்து சுபாஷ் என்பவரை வரவழைத்து, எல்லாவற்றையும் புதிய மென்பொருளுக்கு மாற்றச் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மாற்றம் முடிந்தது. பழையதில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினொரு குவியல். புதியதிலும் அதே எண்ணிக்கை. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. தீனதயாளன் திரைக்குக் கற்பூரம் காட்டாததுதான் குறை. பழைய கம்ப்யூட்டரைக் கழற்ற ஆளையும் கூப்பிட்டுவிட்டார்.

விஜயலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கறவங்கள அப்பறம் பாத்துக்கலாம் சார். தூங்கறவங்க எங்க? மொதல்ல அவங்களக் காட்டுங்க."

சுபாஷ் தேடினார். "நிறுத்தி வச்சதுன்னு ஒண்ணுகூட இல்லீங்க மேடம். சைபர்."

"அதான் எண்ணிக்க சரியா வந்துடுச்சே, இன்னும் இன்னாம்மா?" என்றார் தீனதயாளன். அவருக்கு அவசரம். மறுநாள் வெள்ளிமலைக்கு லாரி போக வேண்டும்.

அந்த அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதைத் தீனதயாளன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

"இது மிஷின் பண்ண தப்பு இல்ல சார். நான் பண்ணது."

பழைய புரோகிராமில் வண்டி எண் போடாவிட்டால் பக்கம் சேமிப்பாகாது. நிறுத்தி வைத்த குவியலுக்கு ஏது வண்டி? கேட்கலாமென்றால் புரோகிராமை எழுதினவர் வெளிநாடு போய்விட்டார். அதனால் முதல் வருஷமே விஜயலட்சுமி ஒரு வழி கண்டுபிடித்தார். தேறாத குவியல் எல்லாவற்றுக்கும் தன் ஸ்கூட்டரின் எண்ணைப் போட்டார்.

"என் வண்டில ஒரு மூட்டகூட ஏறாதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் சார், வேற யாருக்குத் தெரியும்? இத்தினி வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே."

வண்டி எண் இருந்தால் தேறிய குவியல் என்று புதிய மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் அவ்வளவும் நல்ல விதை. "ஆய்வாளர் வந்து பாத்தா, முளைக்காத விதைய வித்தீங்கன்னு இந்தக் கம்ப்யூட்டரே சாட்சி சொல்லுமுங்க" என்றார் சுபாஷ்.

தீனதயாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி சுபாஷ் தலையில் விழுந்திருக்கும். தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு உண்மையை மேசைமேல் வைக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் அதோடு நிறுத்தவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பதினேழு வருஷத்தில் தூங்கியவர்களை ஊர் ஊராகச் சொன்னார். எந்த வருஷம், எந்த மழையில் நனைந்தது, நூற்றுக்கு எத்தனை முளைத்தது. பத்தொன்பது குவியல். சுபாஷ் எழுதிக்கொண்டார். கோயிலில் நிற்பதுபோல் நின்றார் தீனதயாளன்.

"போதும்மா, இத வச்சே திருத்திடலாம்."

"என் ஞாபகத்த நம்பாதீங்க சார். ஸ்கூட்டர் நம்பரப் போட்டுத் தேடச் சொல்லுங்க."

சுபாஷ் தேடினார். திரையில் இருபது வந்தது.

விஜயலட்சுமி பட்டியலை வரி வரியாகப் படித்தார். நைனார்பாளையம் செல்லமுத்து போன வருஷம் இரண்டு குவியல் கொடுத்திருந்தார். இரண்டுமே தூங்கியவை. விஜயலட்சுமிக்கு ஒன்றுதான் நினைவில் நின்றது. இன்னொன்றில் நூற்றுக்கு முளைத்தது அறுபத்திரண்டு.

"அந்த மூட்டங்க எங்க கீது?"

தீனதயாளன் வாசலைப் பார்த்தார். அன்று முற்பகல், பாதிக்குமேல் மாறியிருந்த புதிய மென்பொருளில் ஆசையாக முதல் லோடு சீட்டை அவரே அடித்திருந்தார். குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது நல்லது கெட்டது எல்லாம் இடம் மாறியிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்நேரம் விஜயலட்சுமி விதை அடுக்கிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. நல்ல விதை என்று திரை காட்டிய அந்தக் குவியலின் அறுபது மூட்டையும் வாசலில் நின்ற லாரியில் இருந்தன.

வெள்ளிமலையில் விதைக்கடை வைத்திருக்கும் இருசம்மாளுக்குப் போன் போட்டு, லோடு தள்ளிப்போகும் என்றார். "இன்னா சார் வெளயாடறியா? மழ எறங்கிப்புட்டுது. ஏரு ஓட்டிப்புட்டு ஜனங்க கட வாசல்ல குந்திக்கினு கீதுங்க" என்று அவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. விஜயலட்சுமி போனை வாங்கினார்.

"யக்கா, இத அப்பிடியே அனுப்புனா நூத்துல முப்பத்தெட்டு குழி காலியா கெடக்கும். அப்பறம் வெதைக்க மழ இருக்காது. ரெண்டு நாள் குடு."

எதிர்முனை, "ரெண்டு நாள்தான்" என்றது.

லாரி இறக்கப்பட்டது. ஒவ்வொரு மூட்டையின் அட்டையையும், முளை எண்ணும்போது தான் குறித்துவைத்த காகிதப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விஜயலட்சுமி மறுபடி ஏற்றவிட்டார். இந்த விதைப்புப் பட்டம் முடிகிறவரை பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும், தினம் ஒருமுறை தூங்குகிறவர்களை இரண்டிலும் பார்க்க வேண்டும் என்றார். தீனதயாளன் பழைய கம்ப்யூட்டரைக் கழற்ற வந்தவரை டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை காலை லாரி புறப்படத் தயாரானது. நிறுத்தி வைத்த குவியலுக்கென்று புதிய திரையில் சுபாஷ் தனிக் கட்டம் போட்டிருந்தார். அதில் இருபது பேரும் தூங்கினார்கள். இன்னொரு கட்டம் வண்டி எண் கேட்டது. டிரைவர் ஜன்னல் வழியாகவே எண்ணைக் கத்திச் சொன்னார். தீனதயாளனும் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

விஜயலட்சுமி இரண்டையும் காதில் வாங்கவில்லை. எழுந்து வெளியே போனார். லாரிக்குப் பின்னால் குனிந்து, முந்தானையால் எண் பலகையிலிருந்த சேற்றைத் துடைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் படித்துவிட்டு, அதே விரலோடு உள்ளே வந்து அதைத் தட்டச்சுப் பலகையில் வைத்தார்.