திரும்ப அலை

காலை ஐந்தே முக்காலுக்கு கோணேஸ்வரன் மில்லிக்கன் புறநகரில் தன்னுடைய மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடப்பார். சில்லு, கண்ணாடி, விளக்கு, அவசரக் கதவு எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் வண்டி எடுக்கலாம். ஒன்பதே காலுக்குள் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், திரும்ப ஏற்றப் போவது பின்னேரம் இரண்டரைக்கு. இடையில் கிடைக்கும் ஐந்து மணித்தியாலத்தை மற்றச் சாரதிகள் நித்திரைக்கு வைத்திருந்தார்கள். நாற்பத்தேழு வயதுக்கு அந்த நித்திரை எவ்வளவு தேவை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பதினொரு வருடமாக அதை பேஸ் கிற்றாருக்கே கொடுத்துவந்தார்.

இசைக்குழுவின் பெயர் ‘கிழக்கு ஸ்ரீல்ஸ்’. ஆரம்பித்த அன்று யாருக்கும் வேறு பெயர் தோன்றாததால், வெளியே போன பஸ்ஸின் நெற்றியில் இருந்த தெருப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். லீட் கிற்றார் வாசிக்கும் வினோதன் வீடு விற்றுக்கொடுப்பவர். பஸ் தரிப்பு வாங்குகளில் ஒட்டிய விளம்பரத்தில் அவர் முகம் சிரித்துக்கொண்டிருக்கும். அவருடைய வீட்டு பேஸ்மென்ற்தான் ஒலிப்பதிவுக்கூடம். அங்கேயே உடுப்பு உலர்த்தும் மெஷினும் இருந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு காற்சட்டையின் சிப் சுற்றிச் சுற்றித் தட்டும் சத்தம் விழுந்துவிட, அதை அழித்து அழித்துக் களைத்து, கடைசியில் தாளம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒன்பது பாட்டுக்கு நாலு வருடம் எடுத்தது. அதற்குள் இரண்டு ட்ரம்மர்கள் மாறினார்கள். கோணேஸ்வரனுக்கு நாரி முதுகில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. அல்பம் முடிந்தால் சந்தோஷம் வரும் என்று முதல் வருடம் எல்லோரும் நினைத்தார்கள். நாலாம் வருடம், முடிந்தால் போதும் என்று மட்டும் நினைத்தார்கள்.

எட்டுப் பாட்டை வினோதன் எழுதினார். ஒன்பதாவதற்கு அவரிடம் சொல் தீர்ந்துவிட்டது.

“அண்ணை, நீங்களும் ஒண்டு எழுதுங்கோவன்” என்றார்.

கோணேஸ்வரன் அதற்கு முன் பாட்டு எழுதியதில்லை. ஆனால் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டி வரவில்லை. அக்காவுக்குத்தான் எழுதினார்.

அக்காவின் பெயர் கோணேஸ்வரி. திருகோணமலையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் தேடி அப்பா அதிகம் மினக்கெடாமல் ஊர்ச் சாமியின் பெயரையே இருவருக்கும் வைத்துவிட்டார். அக்கா இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறா. ஆறு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பயிற்சிக்கு நடுவில் அக்காவின் அழைப்பு வந்தது. கையில் கிற்றார். ‘இப்போது பேச முடியாது, திரும்ப அழைக்கிறேன்’ என்று போனே எழுதிவைத்திருக்கும் வசனத்தை ஒரு விரலால் அனுப்பிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். அப்படியே மறந்துபோனார்.

அன்றைக்கு அக்காவின் புருஷனை, அத்தானை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காரோடத் தெரியாத அக்கா இரண்டு பஸ் பிடித்துப் போய், பிழையான கட்டடத்தில் இறங்கி, மாடி மாடியாக விசாரித்து, அறையைக் கண்டுபிடித்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தாயிற்று. செத்தவீட்டில் தம்பியிடம் அவ சொன்னது ஒரே ஒரு வசனம்.

“நீ திரும்ப எடுப்பாய் எண்டு போனைக் கையிலேயே வைச்சுக்கொண்டு அலைஞ்சன்.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. கோயிலில் கண்டால் அவ மற்றப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போவா.

பாட்டின் முடிவு வரி ‘அக்கா, திரும்ப அழை’. அது ஏழு தரம் வரும். பாட்டென்றால் நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்று ‘அழை’யைத் தேர்ந்தெடுத்து எழுதினார். எழுதியதென்றால், பஸ்ஸுக்குள் இருந்து போனில் தட்டியது. எல்லோரையும்போல ஆங்கில எழுத்தில்தான். ‘ழ’ வரவேண்டிய இடத்தில் ஒற்றை ‘எல்’. இருபது வருடமாக அப்படித்தான் தட்டுகிறார், ஒருவரும் விளங்காமல் போனதில்லை.

பாடியவள் தக்ஷிகா. இங்கே பிறந்தவள், யூனிவர்சிற்றியில் மூன்றாம் வருடம். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்க வராது. அவள் பாடிப் பதிந்த சனிக்கிழமை கோணேஸ்வரனுக்கு விளையாட்டுப் பிள்ளைகளை ஏற்றும் விசேஷ ஓட்டம். பிறகு கேட்டதெல்லாம் கிற்றார் இரைச்சலுக்குள் அமுங்கிய குரல். முழுதாகச் சரிசெய்து முடித்த பாட்டை அவர் கேட்டது வெளியீட்டுக்கு நாலு நாள் இருக்க, ஒரு பிளாசாவின் பின்பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஹெட்போனில்.

‘அக்கா, திரும்ப அலை.’

ஏழு தரமும் அட்சரசுத்தமாக அலை.

அடுத்த நாள் பேஸ்மென்ற்றுக்குப் போய்ச் சொன்னார்.

“அங்கிள், நான் கடல் அலை எண்டு நினைச்சன்” என்றாள் தக்ஷிகா. “லைக், அக்கா வந்து ஓஷன். திரும்பத் திரும்ப வாறா. ஐ ஆக்சுவலி க்ரைட்.”

“அலை எண்டால் சுத்தித் திரி எண்டும் கருத்து, பிள்ளை.”

“ஓ.” வாயைப் பொத்திக்கொண்டாள். “ஓ நோ. அக்காவை திரியச் சொல்லி ஏழு தரம் பாடியிருக்கிறனா?”

வினோதன் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். “அண்ணை, எல்லாம் இணையத்துக்கு ஏத்தி அனுப்பியாச்சு. இப்ப மாத்தினா வெளியீட்டு டேற் தள்ளும். மண்டபம் எடுத்தாச்சு, போஸ்ரர் அடிச்சாச்சு. அதோட எங்கட ஆக்களிலை ‘ழ’வைச் சரியாச் சொல்லுறது ஆர்? நானே அளை எண்டுதான் சொல்லுவன்.”

“அளை எண்டாலும் பரவாயில்லை. இது அலை.”

“நீங்கள்தானே அப்பிடி அடிச்சு அனுப்பினீங்கள்.”

சண்டை பிடிக்கலாம், பாட்டை எடுத்துவிடு என்று நிற்கலாம். அப்படி நின்றால் இன்னொரு மாதம், இன்னொரு ஒலிப்பதிவு, இன்னொரு கூட்டம். சுவர்க்கடிகாரத்தில் ஒன்றே முக்கால். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது.

“சரி, விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். நாரி வலித்தது.

வெளியீடு ஞாயிறு பின்னேரம், பிளாசா ஒன்றின் மேல்மாடி மண்டபத்தில். மங்கல விளக்கு, அகவணக்கம், தலைமையுரை எல்லாம் முடிந்து முதற்பிரதி வழங்கும் கட்டம் வந்தபோதுதான், கொடுப்பதற்குப் பிரதி என்று ஒன்றுமே இல்லை என்பது வினோதனுக்கு நினைவுக்கு வந்தது. அல்பம் முழுக்க இணையத்தில். மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்ரரைக் கழற்றிச் சுருட்டி, றிபன் கட்டி, பிரதம விருந்தினரின் கையில் கொடுத்தார்கள். சனம் கைதட்டியது. தக்ஷிகா மேடையில் ஏழு தரமும் கவனமாக ‘அழை’ என்றுதான் பாடினாள். வாசலைப் பார்த்துக்கொண்டே கோணேஸ்வரன் வாசித்து முடித்தார். அக்கா வரவில்லை. வருவா என்று யாரும் சொல்லியிருக்கவுமில்லை.

கதிரைகளை அடுக்கும்போது வினோதன் சொன்னார், “சனிக்கிழமை காலமை ஏழரைக்கு ரேடியோப் பேட்டி. நாலு வருஷத்துக்கு ஒருக்காத்தான் கேப்பாங்கள். எல்லாரும் வரவேணும்.”

திங்கட்கிழமை பின்னேர ஓட்டம். முப்பத்தொரு பிள்ளைகள், முன்னால் பனித்தூறல். பாதி வழியில் அவருடைய பைக்குள் போன் அடித்தது. அந்த மெட்டைக் கேட்டதும் ஆரென்று தெரிந்துவிட்டது. அவரே வாசித்த நாலு சுரம். பல வருடத்துக்கு முன் அக்காவின் இலக்கத்துக்கு மட்டும் போட்டு வைத்தது. ஆறு வருடமாக அடிக்காதது.

“மிஸ்ரர் கே, யுவர் போன்!” என்றாள் முன் இருக்கைச் சிறுமி.

ஓடும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும். வழியில் நிறுத்தவும் விதியில்லை. அது பத்துத் தரம் அடித்து ஓய்ந்தது. கோணேஸ்வரன் ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, ஒவ்வொருவராக இறக்கினார். கையுறையை விட்டுவிட்டு இறங்கிய ஒருத்தியைத் திருப்பிக் கூப்பிட்டுக் கொடுத்தார். நாற்பது நிமிடம். கடைசிப் பிள்ளை யூனியன்வில்லில் இறங்கியது.

இஞ்சினை நிறுத்தியதும் அலாரம் கத்தத் தொடங்கியது. பஸ்ஸின் பின்கோடி வரை நடந்து, ஒரு பிள்ளையும் உறங்கிக் கிடக்கவில்லை என்று ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்து, அங்கேயுள்ள பட்டனை அமத்தினால்தான் அது வாய்மூடும். அமத்திவிட்டுக் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து, அக்காவின் இலக்கத்தைத் தொட்டார்.

“ஆரைத் திரும்ப அலையச் சொல்லுறாய்?”

ஹலோகூட இல்லை.

“அக்கா...”

“மூண்டு தரம் போட்டுக் கேட்டனான். மகளும் கேட்டவள். அண்டைக்கு அலைஞ்சது காணாதெண்டோ பாட்டுக் கட்டிப் பாடுவிச்சிருக்கிறாய்?”

“அது அலை இல்லை அக்கா. அழை. மழைக்கு வாற ழ. அந்தப் பிள்ளைக்கு எழுத்து மாறிப்போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “இல்லை. நான்தான் பிழையா அடிச்சனான்.”

“அழையாம்” என்றா அக்கா. “எங்கட வீட்டிலை ஆர் அழை எண்டு கதைச்சது? ‘எடு’ எண்டு எழுதியிருந்தா ஒரு கரைச்சலும் வந்திராது.”

“பாட்டுக்கு அது வடிவில்லை எண்டு...”

“வடிவு! அதுசரி, திரும்ப எடுக்கிறன் எண்டு சொன்னது நீயோ, நானோ?”

“நான்தான்.”

“பிறகென்னத்துக்கு என்னை எடுக்கச் சொல்லிப் பாடுறாய்?”

கண்ணாடியில் பனித்தூறல் ஒட்டி ஒட்டி வழிந்தது. இவ்வளவு நாள் அந்தப் பாட்டோடு இருந்தும் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததில்லை.

“பிழைதான் அக்கா” என்றார்.

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரல் சாதாரணமாகிவிட்டது, காய்கறி வாங்கச் சொல்வதுபோல. “சனிக்கிழமை அத்தான்ரை திவசம். கோயிலுக்குப் போகவேணும். மகளுக்கு வேலை. இந்தக் குளிருக்குள்ளை ரெண்டு பஸ் பிடிக்க என்னாலை ஏலாது.”

“எத்தினை மணிக்கு?”

“ஏழரைக்கு எங்கட வீட்டு வாசலிலை நிக்கவேணும். ஏலாட்டி இப்பவே சொல்லு. பிறகு சொல்லுறன் எண்டு மட்டும் சொல்லாதை.”

“வாறன்.”

போனை வைத்த பிறகும் அவர் எழும்பவில்லை. உடம்பு முழுக்க அசதி. அங்கேயே சரிந்து படுத்துவிடலாம்போல இருந்தது. திரையில் வினோதனின் செய்தி வந்து கிடந்தது: சனி ஏழரை, மறக்கவேண்டாம். எல்லாம் ஆங்கில எழுத்தில்.

கோணேஸ்வரன் பதில் எழுதத் தொடங்கி, இரண்டு எழுத்தோடு நிறுத்தி அழித்தார். தமிழ் எழுத்துப் பலகை போனில் எங்கே இருக்கிறதென்று தேடிப்பிடிக்கக் கொஞ்ச நேரம் சென்றது. பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

‘சனி ஏலாது. அக்காவை ஏத்தப் போகவேணும்.’