சனிக்கிழமை மதியம் அடித்த ஆராதனை மணி

என் மனைவி லீதியாளைக் காணவில்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு. காப்பிப் பழம் பறிக்கிற பருவம். காலையிலிருந்தே மேகம் இறங்கியிருந்தது. எங்கள் வாசலில் நின்றால் கேட் தெரியாது. அவள் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. தெருவிளக்கு எரியாதது பற்றி நான்காவது நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆண்டவர் செய்ததைச் சாட்சியாக எழுதுவது என்றால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நான் வருவாய்த்துறையில் பணிபுரிந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்தக் காரியத்துக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையொப்பம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆள் காணாமற்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எந்த நடைமுறையும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. யாரிடமாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

லீதியாள் இந்த மலையில் முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாமான்களின் பெயர் போனது. பிறகு கிழமை போனது. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டி, கைப்பையும் மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சார், இன்ஸ்பெக்ஷன் எத்தனை மணிக்குங்க?"

என்னைத் தலைமை ஆசிரியர் என்று நினைத்துவிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

சேலத்தில் மருத்துவரிடம் காட்டினேன். நோயின் பெயரைச் சொன்னார். மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றார். அறிக்கையைக் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு கஷ்டத்தைக் கோப்பில் கட்டிவிட்டால் அது தீர்ந்துவிட்ட மாதிரி தோன்றும். எங்கள் துறையின் பழைய வியாதி அது.

அதன் பிறகு ஒரு ஞாயிறு. சபைக்குழுச் செயலாளன் என்ற முறையில் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கம் திருப்பும்போது பெண்கள் பக்கத்திலிருந்து லீதியாள் எழுந்தாள். "போதுங்க, உக்காருங்க. புள்ளைங்களுக்குப் பசிக்குது" என்றாள், வகுப்பில் பேசுகிற குரலில். சபை சிரித்தது. அவள் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவளை ஆலயத்துக்கு அழைத்துப் போவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. தினமும் காலையில் ஜெபம் செய்தேன். துதி, நன்றி, விண்ணப்பம் என்று எல்லாம் வரிசைப்படி. விண்ணப்பத்தில் இரண்டு பகுதி. ஆண்டவரே, அவளைக் குணமாக்கும். அதுவரை இது வெளியே தெரியாமல் காத்துக்கொள்ளும். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முன்கேட்டை எப்போதும் பூட்டியே வைத்திருப்பேன். அன்றும் பூட்டு சரியாகத்தான் இருந்தது. அவள் பின்வேலிச் சந்து வழியாகப் போயிருந்தாள். அந்த வழியாகத்தான் பல வருஷமாகக் கிளியூர்ப் பக்கம் போய் வருவாள். அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது.

தேடிக்கொண்டு ஓடினேன். பக்கத்துத் தோட்டம், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பழம் காய வைக்கிற களம் எல்லாம் பார்த்தேன். எங்கேயும் பத்தடிக்கு மேல் கண் போகவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஆனால் தணிந்த குரலில். உரக்கக் கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்குமே. மனைவி மேகத்துக்குள் தொலைந்திருக்கிறாள், புருஷன் ரகசியமாகக் கூப்பிடுகிறான். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வளைவில் கபூர் பாய் மளிகைக் கடை. எங்கள் வீட்டுக்கு வருஷக்கணக்காகச் சாமான் கொடுப்பவர். அவரிடம் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன்.

"என்னங்க சார், ரெண்டு கால்ல ரெண்டு செருப்பு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒன்று என்னுடையது, மற்றது லீதியாளுடையது.

"அவசரமுங்க பாய்."

"என்ன வேணுமுங்க?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. "ஒரு தீப்பெட்டி" என்றேன்.

தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "பாத்துப் போங்க சார். கீழ ஓடைப் பக்கம் காலையில இருந்து காட்டுமாடு நிக்குதாம். பழம் பறிக்கறவங்க சொன்னாங்க."

கடைக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடைப் பக்கம் இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூடப் பயமாக இருந்தது. அங்கேயே, கையில் தீப்பெட்டியோடு ஜெபித்தேன். "ஆண்டவரே, ஊருக்கெல்லாம் தெரியட்டும். அவளை மட்டும் கொடுத்துவிடும்." துதி இல்லை, நன்றி இல்லை, வரிசை இல்லை. என் வாழ்நாளில் நான் அனுப்பிய மிகச் சிறிய விண்ணப்பம் அது.

பதிலாக வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆலயத்துக்குப் போய் மணியை அடி என்று மட்டும் தோன்றியது. போனேன்.

எங்கள் ஆலய மணிக்கு ஒரு விதி உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் கயிற்றை இழுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க நான் எழுதிய விதி. ஆராதனைக்கும் மரணத்துக்கும் தவிர மணி அடிக்கக் கூடாது. ஆராதனை என்றால் விடாமல் வேகமாக அடிக்க வேண்டும். மரணம் என்றால் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. அடிக்கும் முன் நாள், நேரம், எந்த அடி, என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு முறை பதியாமல் அடித்ததற்காக, ஆலயப் பணியாளர் தாவீதிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டவனும் நான்தான்.

தாவீது வெள்ளக்கடையிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். அப்போது படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்கணும் தாவீது. உடனே."

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டோடு வந்தார். நாள் எழுதினார். நேரம் எழுதினார்.

"காரணம் என்னன்னு போடறதுங்கய்யா?"

"லீதியாளைக் காணோம்."

"பக்கத்து ஊட்டுக்குப் போயிருப்பாங்க. மூட்டுவலிக்காரங்க, நொம்ப தூரம் நடக்க முடியாதுல்லங்க."

பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கட்டம் அது. காரணம் இல்லாமல் அதை நிரப்ப வழியில்லை.

"மூட்டுவலி இல்லை தாவீது. அவளுக்கு நெனவு தப்புது. ரெண்டு வருஷமா. நான்தான் மறைச்சேன்."

"தெரியுமுங்கய்யா" என்றார். "நீங்களா சொல்லோணும்னுதான் இருந்தோம்." நான் சொன்ன காரணத்தை அப்படியே எழுதிக்கொண்டார். "எந்த அடிங்க?"

மரண அடிக்குத்தான் ஊர் ஓடிவரும். அது எனக்குத் தெரியும். "மரண அடி. அப்பத்தான் ஆள் சேரும்" என்றேன்.

தாவீது பதிவேட்டை மூடினார்.

"அது என் கையால ஆகாதுங்கய்யா."

"ரெண்டு அடிதான் இருக்கு தாவீது. இன்னைக்கு ஆராதனை இல்லையே."

"இல்லாட்டிப் போகுதுங்க. அம்மா எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தவங்க. உசுரோட இருக்கறவங்களுக்குச் சாவு மணி அடிக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை அடிதான் அடிப்பேன். வேணும்னா நாளைக்கு மெமோ குடுங்க."

கயிற்றைப் பிடித்துவிட்டார். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் விதியை மீறியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக மீறியவரை நான் பார்த்ததில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மதியம் ஆராதனை மணியா என்று ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பழம் பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்கோடு வந்தார்கள். கபூர் பாய் கடையை அடைத்துவிட்டு வந்தார். படியில் நின்று எல்லாரிடமும் உரக்கச் சொன்னேன். என் மனைவிக்கு நினைவு தப்புகிறது, அவளைக் காணவில்லை என்று. சொல்லி முடித்ததும், ஏழு மாதமாகப் போட்டிருந்த இரும்புச் சட்டையைக் கழற்றின மாதிரி இருந்தது.

"இதைக் கடையிலயே சொல்லியிருக்கலாமுங்க சார்" என்றார் பாய். "தீப்பெட்டிய வச்சு என்ன பண்றது?" சொல்லிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அங்கே மைக்கில் அறிவிப்பு வந்தது, வாத்தியாரம்மாவைக் காணோம், பார்த்தவர்கள் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு வரவும் என்று. மலைக்கே தெரிந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டபடியே.

ஆண்கள் நாலு பக்கமும் பிரிந்து கிளம்பினார்கள். கிளம்பினவர்கள் வாசல் தாண்டியிருக்க மாட்டார்கள். கீழ்ப்பாதையில் மேகத்துக்குள்ளிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் லீதியாள். ஒரு காலில் செருப்பு, மறுகாலில் சேறு. அவள் கையைப் பிடித்தபடி கிளியூர்ச் செல்லம்மாள், எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள்.

லீதியாள் நேரே என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, மணி அடிச்சு எத்தனை நேரமாச்சு. நீங்க இன்னும் வேட்டி மாத்தலையா? அத்தனை பேரும் வாசல்லயே நின்னா எப்படீங்க?"

செல்லம்மாள்தான் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஓடைக்கு எறங்கீட்டிருந்தாங்கய்யா. அந்தப் பக்கம் மாடு நிக்குது. நான் மேல இருந்து எத்தனையோ தடவ கூப்பிட்டேன், திரும்பவே இல்லீங்க. மணிச் சத்தம் கேட்டாங்க பாருங்க, நின்னாங்க. திரும்பி, கிடுகிடுன்னு மேல ஏற ஆரம்பிச்சுட்டாங்க. 'செல்லம்மா, நேரமாச்சு வா'ன்னு என்னையும் இழுத்துட்டு வர்றாங்க."

மரண அடி அடித்திருந்தால் ஊர் இன்னும் வேகமாகக் கூடியிருக்கும். ஆனால் அவள் திரும்பியிருக்க மாட்டாள்.

செல்லம்மாள் இன்னொன்றும் சொன்னாள். "இதுக்கு முந்தியும் மூணு தடவை வேலிச் சந்துல கொண்டாந்து உட்டிருக்கேனுங்க. நீங்க தூங்கீட்டிருந்தீங்க." ஏழு மாதம் என் ரகசியத்தை நான் காத்ததாக நினைத்திருந்தேன். காத்தவர்கள் இவர்கள்.

லீதியாள் யாருக்கும் காத்திருக்காமல் உள்ளே போனாள். தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் எல்லாரும் பின்னாலேயே போனோம். சாக்கோடு பறிப்புக்காரப் பெண்கள், கடைசி வரிசையில் கபூர் பாய், கயிற்றை விட்டுவிட்டு வந்த தாவீது. போதகர் இல்லை, அறிவிப்பு இல்லை. அவளே பாட்டை எடுத்தாள். புத்தகம் இல்லாமல், நாலு சரணமும், ஒரு வார்த்தை பிசகாமல். நான்தான் இரண்டாம் சரணத்தில் தடுமாறினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், எத்தனை வருஷமாக ஆலயத்துக்கு வருகிறாய், இன்னும் பாடமில்லையா என்று இருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் நான் என்று அன்றைக்குப் பட்ட பெருமையை, எந்தப் பதவி உயர்விலும் நான் படவில்லை.

பிறகு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். பழைய பழக்கங்கள் கடைசியில்தான் போகும் என்று விளக்கினார். சரியாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தைச் சிறு வயதிலேயே அவளுக்குள் போட்டு வைத்தது யார், தாவீதின் கையை வேறு அடிக்குத் திருப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அவள் நோய் குணமாகவில்லை. அதை மறைத்தால் இது பொய்ச்சாட்சி. சில காலையில் என்னை யாரென்று கேட்கிறாள். சொல்கிறேன். என் ஜெபத்தில் இப்போது இரண்டாவது பகுதி இல்லை. அதற்குப் பதில் பெயர்கள் இருக்கின்றன. செவ்வாயும் வியாழனும் வந்து அவளோடு உட்கார்ந்திருக்கிற சபைப் பெண்களின் பெயர்கள், வேலை முடிந்து போகும்போது எட்டிப் பார்க்கிற செல்லம்மாளின் பெயர், கபூர் பாயின் பெயர். தாவீதுக்கு மெமோ கொடுக்கவில்லை. விதியைத் திருத்தினேன். காணாமற்போனவர்களுக்கும் மணி அடிக்கலாம் என்று சேர்த்து, ஆராதனை அடியே அடிக்க வேண்டும் என்றும் எழுதினேன். முன்கேட்டுப் பூட்டை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவளை அழைத்துப் போகிறேன். பிரசங்கத்தின் நடுவில் பேசுகிறாள். சில நேரம் பாடுகிறாள். போதகர் நிறுத்திக் காத்திருக்கிறார். சபை காத்திருக்கிறது. இந்தச் சபையைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையைச் சொன்னால், செயலாளர் சொந்தச் சபையை மெச்சுகிறார் என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், மெச்சுகிறேன்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கலாம். கௌரவத்துக்காக நீங்களும் ஏதாவது ஒரு வலியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கர்த்தரிடம் நேராகக் கேளுங்கள், ஒரே வரி போதும். பிறகு பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு எங்கள் ஆலயத்துக்கு வாருங்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் லீதியாள் இருப்பாள். உங்கள் பெயரை மூன்று முறை கேட்பாள். மூன்று முறையும் சொல்லுங்கள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் உங்களுக்கு இடம் கொடுப்பாள்.