துளை போதுமே சார்

அந்தச் சுருட்டுக் கடையில் அவருக்குப் பெயர் வெட்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். இத்தனைக்கும் மனிதர் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை.

சுருட்டின் வாய்ப்பக்கம் மூடியிருக்கும். இலையைத் தொப்பிபோல ஒட்டி வைத்திருப்பார்கள். அதைத் திறந்தால்தான் இழுக்க முடியும். பல்லால் கடித்துத் துப்பலாம் என்று சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு; அவர்களை வெட்டுக்காரர் பாய்ந்து தடுத்துவிடுவார். ஒழுங்கான வழி மூன்று. இரட்டைக் கத்தியால் தொப்பியை ஒரே நறுக்காக நறுக்குவது நேர்வெட்டு. நடுவில் பள்ளமாகக் கீறி எடுப்பது ஆப்பு வெட்டு. வட்டக் கத்தியை அழுத்தித் திருகி ஓட்டை போடுவது துளை.

வருகிறவரை ஒரு பார்வை பார்ப்பார். சுருட்டை விரலுக்கிடையில் ஒரு தடவை உருட்டுவார். வாய் நிறையப் புகை கேட்கிற ஆளுக்கு நேர்வெட்டு. தடித்த சுருட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்காருகிறவருக்கு ஆப்பு. ரயிலைப் பிடிக்கிற மாதிரி இழுக்கிற அவசரக்காரருக்குத் துளை. புகை கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஆளும் அடங்குவார். ஊரில் எத்தனையோ கடை இருக்க, இந்தக் கடைக்குக் கூட்டம் வந்தது இந்தத் தேர்வுக்காகத்தான்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக எல்லோருக்கும் துளையே போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லிச் சுருட்டா, துளை. குண்டுச் சுருட்டா, துளை. கேட்டால், "துளை போதுமே சார்" என்பார்.

காரணம் அவருடைய வலது கை. அது நடுங்க ஆரம்பித்திருந்தது. துளை போட இரண்டு கையையும் சேர்த்து மேஜையில் ஊன்றி அழுத்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. நேர்வெட்டு அப்படியில்லை. தொப்பியின் கோட்டைத் தாண்டிக் கத்தி ஒரு மயிரிழை இறங்கினாலும் சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலையே பிரிந்து வந்துவிடும். கை நடுங்குகிற வெட்டுக்காரரை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? டாக்டரிடம் போகக்கூடப் பயம், அவர் வாயால் உறுதியாகிவிட்டால் என்ன செய்வது என்று. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. அவளோ சமீபமாக அரை டம்ளர் டீதான் கொடுத்தாள். ஒரு நாள் காலை, "பாலுக்கு அவ்வளவு பஞ்சமா?" என்று எரிந்து விழுந்தார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் ஆடிட்டர் வந்தார். பழைய வாடிக்கை, எப்போதும் நேர்வெட்டு. நடுவில் கொஞ்ச காலமாக ஆளையே காணோம். இன்றைக்கு அவருடைய மச்சான் அவர் தோளில் கைபோட்டு, ஏறக்குறைய தள்ளிக்கொண்டே வந்தார்.

"தாத்தா ஆயிட்டாரு! பொண்ணுக்குப் பெண் குழந்தை. இதுக்குன்னே நான் வாங்கிட்டு வந்தது. நல்லா வெட்டிக் குடுங்க, என் கண்ணு முன்னாலயே இழுக்கணும்."

மச்சான் எடுத்து நீட்டிய சுருட்டை வெட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் நுனி கூம்பிக் கூர்மையாக இருந்தது. அந்த நுனியில் துளைக்கு இடமே இல்லை. நேர்வெட்டுதான், வேறு வழியில்லை.

"துளை..." என்று ஆரம்பித்தார்.

"இதுலயா? எங்க போடுவீங்க?" என்று மச்சான் சிரித்தார்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். வெட்டுக்காரர் இரட்டைக் கத்தியை எடுத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார், மூச்சை அடக்கினார். கை அடங்கவில்லை. கத்தி கோட்டைத் தாண்டி இறங்கியது. மேலிலை பாதி உரித்த வாழைப்பழம் மாதிரி பிரிந்து தொங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"கை நடுங்குது சார்," என்றார் வெட்டுக்காரர். "கொஞ்ச நாளாவே. மன்னிச்சிருங்க. மேடம், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அப்பாடா!" என்றார் ஆடிட்டர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மனிதர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இதை விட்டுட்டேன்யா. குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடியே பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன். மச்சான் ஆசையா வாங்கிட்டு வந்ததும் வேணாம்னு சொல்ல வாய் வரல. வழி பூரா எப்படித் தப்பிக்கறதுன்னுதான் யோசிச்சுட்டு வந்தேன். நீங்கதான் காப்பாத்துனீங்க."

"அடப்பாவி மனுஷா, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன!" என்ற மச்சானுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது.

அவர்கள் போன பிறகு வெட்டுக்காரர் கத்தியைத் துடைத்து உறையில் போட்டு, கல்லா மேஜைமேல் வைத்தார். முதலாளியம்மா அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார்.

"எல்லாருக்கும் துளை போட ஆரம்பிச்சீங்களே, அப்பவே எனக்குத் தெரியும்ணே. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"வேலை மேடம்..."

"வெட்டறதை நான் வெட்டிட்டுப் போறேன், இல்ல வர்றவங்களே வெட்டிக்கட்டும். யாருக்கு எதுன்னு எனக்குத் தெரியாதே. இத்தனை நாளா தப்புத் தப்பா சொல்லிட்டிருந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கோபம்."

வெட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளையாக ஒருவர் உள்ளே வந்தார். அவர் கொடுத்த சுருட்டை வெட்டுக்காரர் விரலில் உருட்டிப் பார்த்தார். கை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். "உங்களுக்கு நேர்வெட்டு சார். இந்தக் கோடு தெரியுது பாருங்க, இதுக்கு மேல வைங்க, ஒரே அழுத்து," என்று கத்தியை அவர் கையில் கொடுத்தார். அந்த ஆள் தானே வெட்டிவிட்டு, பரீட்சையில் பாஸான மாதிரி சிரித்தார்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம், நீயும் வா. உன்கிட்ட மறைச்சது தப்புதான்."

"மறைச்சீங்களாக்கும்," என்றாள் அவள். "பின்ன அரை டம்ளர் எதுக்குக் குடுத்தேனாம்? நிறையக் குடுத்தா சிந்திட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காருவீங்களேன்னுதான்."

அவள் அடுப்படிக்குள் போய் டீ கொண்டுவந்தாள். டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. தோளில் துணியோடு அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"குடிங்க. சிந்துனா துடைச்சுக்கலாம்."