மவுத்தானவரின் அக்கவுன்ட்

1. ஐந்து மணி வரி

அன்சாரி மவுத்தான மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவருடைய இணையப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: "நான் ஃபஜ்ர் தொழுதுவிட்டேன். நீங்கள்?"

அன்சாரி புவனகிரிக்காரர். வளைகுடாவில் கிரேன் ஆபரேட்டர். வேலையிடத்து விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார். ஊரில் யாரும் கடைசியாக முகம் பார்க்கவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம் அது, 2011. மவுத்துக்கு முந்தைய லீவில் அன்சாரி ஊருக்கு வந்தபோது, தினமும் அந்த வரி தானாகப் போகும்படி அவருக்கு ஆட்டோ போஸ்ட் செட் பண்ணிக் கொடுத்தவன் நான்தான். முடிவுத் தேதி போடவில்லை. விஷயத்தை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்று விட்டுவிட்டேன்.

ஒரே மாதத்தில் அந்த வரியின் கீழே கமென்டுகள் குவிந்தன. "அவரோட ரூஹ் பேசுது" என்று, ஆவியே வந்ததுபோல் ஒருவர் எழுதினார். "எங்களுக்காக துஆ செய்ங்க" என்று பிரார்த்தனை கேட்டுப் பலர். கடைக்கு வருகிறவர்கள் மெயிலுக்கு முன்னால் அன்சாரி பக்கத்தைத் திறந்தார்கள். எல்லாம் தெரிந்த நானே, கண் விழித்ததும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போகாமல் அந்த வரி வந்துவிட்டதா என்று செல்போனில் பார்த்தேன்.

2. பதில்

ஐந்தாம் மாதம் அன்சாரி பதில் எழுத ஆரம்பித்தார்.

ஆட்டோ போஸ்ட் பதில் எழுதாது.

ஒரு நாள் அன்சாரியின் தெருக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தவர்.

"பாய், இத கலர்ல எடுத்து லேமினேஷன் போட்டுக் குடுங்க."

திரையில் பார்த்தேன். "அந்த மாப்பிள்ளை வேண்டாம்." அவர் கேட்டிருந்ததற்கு அன்சாரியின் பதில்.

"நிக்காஹ்?"

"நிறுத்திட்டேன். மவுத்தானவரு பொய் சொல்வாரா?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். மவுத்தானவுங்களுக்காக நாமதான் துஆ செய்யணும், அவுங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னாரு. அவருக்கு நெட்டப் பத்தி என்னா தெரியும்?"

அவர் போனதும் பதில் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு சிஸ்டத்திலும் பிரவுசர் ஹிஸ்டரி பார்த்தேன். என் கடையின் நான்காம் நம்பர் சிஸ்டத்திலிருந்துதான் அன்சாரி எழுதியிருந்தார்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அதில் தினமும் உட்காருகிறவள் அவர் மனைவி ரஹீமா. கணவருக்காக வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்ததிலிருந்து, மெயில் பழகுவதாகச் சொல்லி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

3. நான்காம் நம்பர்

மறுநாள் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஆட்டோ போஸ்ட் செட்டிங்கைத் திறந்து காட்டினேன்.

"காலைல வர்றது மிஷினுன்னு எனக்குத் தெரியும் அண்ணே. பாஸ்வேர்டும் அவரே குடுத்ததுதான்."

"அப்ப பதிலெல்லாம்?"

"அவரு சொல்றாரு. நான் அடிக்கிறேன்."

குரலில் அழுகை இல்லை, பயம் இல்லை. முதல் வாரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியவள், இப்போது கீபோர்டைப் பார்க்காமலே அடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்குப் பதில் போய்விட்டது.

"காதுல கேக்குதாம்மா?"

"இல்ல. ஸ்க்ரீனப் பாத்தாப் போதும், வந்துரும். இத நிறுத்திட்டா அவரு எங்க போவாரு?"

அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன். கடலூரில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நிக்காஹை நிறுத்தியவரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அவர் என்னை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்: "ஒங்களுக்கு யாரு காசு குடுத்து இப்புடிச் சொல்லச் சொன்னது?"

சில மாதம் கழித்து ரஹீமா தெளிந்து, அண்ணனோடு கடைக்கு வந்தாள். ஆட்டோ போஸ்டை நிறுத்தச் சொன்னாள். பிறகு கணவரின் பக்கத்தில் நிதானமாக அடித்தாள்: "அன்சாரி மவுத்தாகிவிட்டார். இதுவரை பதில் எழுதியது அவர் மனைவியாகிய நான். அவருக்காக துஆ செய்யுங்கள்."

நாங்கள் எழுந்திருப்பதற்குள் முதல் கமென்ட் வந்தது.

"யாரோ அக்கவுன்ட ஹேக் பண்ணிட்டாங்க. நம்பாதீங்க."

அதற்குக் கீழே வரிசையாக, அன்சாரியைத் திரும்பி வரச் சொல்லி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மிஷின் செய்ததை மிஷின்தான் செய்தது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் உங்களைத்தான் பொய்யன் என்பார்கள்.