வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அப்பா பஸ் கண்டக்டர். அம்மா வாசல் அறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அக்கா கல்யாணமாகி மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து ஒருத்தி தொட்டாச்சிணுங்கியைப் பற்றி ஆராய்ச்சி பண்ணக் கடல் தாண்டிப் போவாள் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அப்பா விசில் ஊதி அந்த ஆளை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டிருப்பார்.

ஆனால் போனாள். தொட்டதும் அந்த இலை ஏன் கூம்பிக்கொள்கிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், பதினான்கு வருஷத்தில் அந்தக் கேள்வியை விடவே இல்லை. இலைக்காம்பின் அடியில் ஒரு குட்டி மூட்டு இருக்கிறது. கூம்புவதும் விரிவதும் அதன் வேலை. அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உதவித்தொகை கிடைத்தது. பெட்டியைக் கட்டிவிட்டாள்.

முதல் வாரம் முழுக்க அவளுக்குத் திறந்த வாய் மூடவில்லை. கிட்டப் போனால் கதவு தானாகத் திறந்தது; அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்றார்கள். அவள் நம்பவில்லை. தடிமனான ஒன்றை எடுப்பதும், யாராவது அதட்டுகிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக அரை மணி நேரம் போயிற்று. யாரும் அதட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் விட பஸ். நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். பஸ் வந்து நின்றது, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது, அப்படியே அவர் பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்து கொடுத்தது. சின்னவள் ஏற மறந்து நின்றுவிட்டாள். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, இங்க பஸ்ஸு குனியுதுப்பா!"

"பஸ்ஸு எப்படிம்மா குனியும்? பஞ்சர் ஆகியிருக்கும்."

"இல்லப்பா. ஆளு ஏறுறதுக்காகக் குனியுது. ஏறினதும் நிமிந்துக்குது."

"சரி, கண்டக்டர் என்ன பண்றாரு?"

"கண்டக்டரே இல்லப்பா."

"அப்ப டிக்கெட் எடுத்தாங்களா இல்லையான்னு யாரு பாக்கிறது?"

"யாரும் பாக்கல. அவங்கவங்களே எடுத்துக்கிறாங்க."

இருபத்தாறு வருஷமாகத் தோளில் பை மாட்டிய மனிதர். மறுமுனையில் பேச்சு மூச்சையே காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் இரண்டு தடவை "அப்பா, அப்பா" என்றாள்.

"ஒருத்தர் சொன்னா அத அப்படியே நம்பிடுறாங்களாம்மா?" என்றார் கடைசியில்.

"ஆமாப்பா, அப்படியே நம்பிடுறாங்க" என்றாள் சின்னவள். என்னவோ அந்த ஊரை இவளே கட்டி எழுப்பின மாதிரி அவ்வளவு பெருமை.

அவளுடைய பேராசிரியர் சைக்கிளில் வருகிறவர். தன்னைப் பேர் சொல்லியே கூப்பிடலாம் என்றார். வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? அவளுக்கு நாக்கே எழவில்லை. சார் என்றால் அவர் சிரித்தார். அதனால் அவரை எப்படியும் கூப்பிடாமல், பேச வேண்டுமென்றால் அவர் அறை வாசலில் போய் நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். நல்ல மனிதர், ஆனால் கறார். முதல் நாளே சொல்லிவிட்டார். (அவர்கள் பேசியதை எல்லாம் நம் பேச்சில்தான் சொல்கிறேன். அவர்கள் பாஷையில் நீ, நீங்க இரண்டும் ஒன்றுதான். சின்னவளுக்கு அதுவே பெரிய சங்கடம்.)

"பன்னெண்டு வாரம் டைம். அதுக்குள்ள அந்த மூட்டோட ஒரு நல்ல படம், ஒரே ஒரு படம், நீயே எடுத்துக் காட்டணும். முடியலன்னா ஆராய்ச்சி இடம் வேற ஆளுக்குப் போயிடும். நீ ஒரு வருஷப் படிப்ப முடிச்சிட்டு ஊருக்குக் கிளம்பலாம்."

படம் எடுக்கும் மெஷின் அடித்தளத்தில் தனி அறையில் இருந்தது. ஆள் உயரக் குழாய், அதன் கீழே இரும்புப் பெட்டி, பக்கத்தில் திரை. செடித் துண்டைச் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, சட்டைப் பொத்தான் அளவு தட்டில் ஒட்டி, அதன்மேல் தங்கத்தைப் புகை மாதிரி படியவிட்டு, பெட்டிக்குள் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் திரையில் தெரியும். தங்கம் என்று காதில் விழுந்ததும் அம்மா அலறினாள்.

"செடிக்குத் தங்கமா? உங்கக்கா கல்யாணத்துக்கு நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமில்ல?"

"தூசியவிடக் கம்மிம்மா. சுரண்டினாக்கூட வராது."

"அப்ப சரி" என்று அம்மா சமாதானமானாள்.

அந்த அறையை ஆண்டவள் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. எப்போதும் முழங்கால்வரை நீலக் கோட்டு. சின்னவள் மனசுக்குள் அவளுக்கு நீலக்கோட்டு என்றே பேர் வைத்துவிட்டாள். சிரிப்பதும் இல்லை, சிடுசிடுப்பதும் இல்லை. கதவில் ஒரு நோட்டு தொங்கும். யாருக்கு எந்த நேரம் என்று மையால் எழுதியிருக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் பேரில் சிவப்புக் கோடு விழும். விழுந்தால் நான்கு வாரம் மெஷினைத் தொட முடியாது. போன வருஷம் ஒரு பேராசிரியருக்கே விழுந்ததாம்.

சின்னவளுக்குப் புதன்கிழமை மூன்றிலிருந்து ஐந்து. முதல் நாள் நீலக்கோட்டு யாரோ விட்டுப்போன தட்டு ஒன்றை உள்ளே வைத்துக் காட்டினாள். எறும்பின் கண். ஒரு கண்ணுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிக் கண்கள், வரிசை பிசகாமல். சின்னவள் இழுத்த மூச்சை விட மறந்தாள். இதுவரை எத்தனை எறும்பை நசுக்கியிருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உலகம் இத்தனை நாள் தன்னிடம் எதையோ மறைத்து வைத்திருந்தது என்று தோன்றியது.

ஆனால் அவளுடைய செடி மட்டும் கண்ணில் காட்டவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு வாரமும் மூட்டு காய்ந்து வற்றிப்போய், உலர்ந்த திராட்சையாகத்தான் திரையில் வந்தது. ஒன்பது புதன்கிழமை இப்படியே போயிற்று. ஒவ்வொரு புதனும் பையை மாட்டிக்கொண்டு, அந்த ஊர்ப் பாஷையில் "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நீலக்கோட்டு தலையாட்டுவாள்.

பத்தாவது புதன்கிழமையும் திராட்சைதான். நீலக்கோட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேல யாரும் இல்ல. மெஷின் சும்மாதான் இருக்கும்" என்றாள்.

வாய் திறக்காத மனுஷி வாய் திறந்து அழைத்திருக்கிறாள். நம்மவளுக்கு அது புரிய வேண்டாமா? "அப்படியா" என்றாள், யாரோ யாருக்கோ சொன்ன மாதிரி. பையை மாட்டினாள். "சரி, வரேன்" என்றாள். நேராக அறைக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் நோட்டைப் பார்த்தாள். அவள் பேருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'ஐந்திலிருந்து எட்டு. வருவதாகச் சொன்னார். வரவில்லை.' இன்னும் இருப்பது இரண்டு வாரம். கோடோ நான்கு வாரத்துக்கு. கணக்குப் போடவே வேண்டாம், கதை முடிந்தது.

"நேத்து நான் வரேன்னு சொல்லவே இல்லையே!" என்றாள்.

"சொன்ன. இதே கதவுகிட்ட நின்னு, என் முகத்தப் பாத்துச் சொன்ன." நீலக்கோட்டின் குரல் உயரவில்லை. "எட்டு மணி வரைக்கும் இருந்தேன். நேத்து என் பொண்ணு ஸ்கூல் நாடகத்துல மரமா நின்னா. நான் பாக்கல."

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. 

"அய்யோ, அது... எங்க பாஷையில கிளம்பும்போது அப்படித்தான் சொல்லுவோம். போறேன்னு சொல்ல மாட்டோம்."

"போகும்போது வரேன்னு சொல்லுவீங்களா?"

"ஆமா."

"எப்ப வருவீங்க?"

"எப்பவாவது."

"வராமலே இருந்துட்டா?"

"அப்பவும் அப்படித்தான் சொல்லுவோம். போறேன்னு சொன்னா ஒரேயடியாப் போற மாதிரி ஆயிடும். வீட்ல திட்டுவாங்க. வரேன்னு ஒழுங்கா சொல்லிட்டுப் போன்னு நிறுத்தி வெச்சுச் சொல்ல வெப்பாங்க."

நீலக்கோட்டு நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். "அப்ப ஒவ்வொரு புதன்கிழமையும் நீ சொன்னது?"

"போறேன்னு அர்த்தம்."

நீலக்கோட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒவ்வொரு புதனும் அரை மணி நேரம் கதவப் பூட்டாம இருந்தேன். வரேன்னு சொல்லிச்சே இந்தப் பொண்ணு, எதையோ எடுக்கப் போயிருக்குன்னு. வரலன்னதும், சரி, ஊருக்குப் புதுசு, மறந்திருக்கும்னு விட்டுட்டுப் பூட்டுவேன்."

 வாயில் வந்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சின்னவள் தன் பாட்டுக்குப் போயிருக்கிறாள். அதை ஒருத்தி கையில் வாங்கி, ஒன்பது வாரம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் சொல்லுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவள் சொல்லை யார் அப்படி எடுத்துக்கொண்டார்கள்? அவளே எடுத்துக்கொண்டதில்லை. நின்ற இடத்திலேயே பொலபொலவென்று அழுதாள். மெஷினுக்காக அழவில்லை, அந்த மரத்துக்காகத்தான் அழுதாள்.

நீலக்கோட்டு காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவிக் கொடுத்தாள். நோட்டை எடுத்துப் பார்த்தாள். "மையில போட்ட கோடு. அழிக்க முடியாது" என்றாள். பிறகு, "ஆனா நோட்டு காலையில எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது. நான் ஏழு மணிக்கே வந்து மெஷின் சரியா இருக்கான்னு பாப்பேன். அதுக்கு ஏதாவது ஒரு துண்ட உள்ள வெச்சுத்தான் ஆகணும். அந்த எறும்பையே பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு."

"நான்..."

"இரு. வரேன்னு சொல்லப் போறியா? மணி சேத்துச் சொல்லு."

"ஏழு மணிக்கு" என்றாள் சின்னவள்.

அன்றைக்கு அம்மா போனில் யாரோ ஒருத்தியின் ரவிக்கைத் துணியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். "நனைச்சு நிதானமா காயவிடுன்னு சொன்னா, வெயில்ல போட்டு எடுத்துட்டு வந்து நிக்கிறா. சுருங்காம என்ன பண்ணும்?" சின்னவள் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டாள். அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். புதன்கிழமைக்குள் முடிக்கும் அவசரத்தில் ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். துண்டை ஊறவைத்த சாராயக் கரைசலின் காரத்தை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீருக்கே தெரியாமல் தண்ணீரை வெளியேற்றினாள்.

அடுத்த செவ்வாய் ஏழு மணி. காற்றை உறிஞ்சும் சத்தம் அடங்கியது. திரையில் சாம்பல் நிறம் கலங்கி, மெல்லத் தெளிந்தது.

மூட்டு வற்றவில்லை. மடிப்பு மடிப்பாக, பெரிய மலைச்சரிவு போல எழுந்து நின்றது. அறை அறையாக, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு. நகத்தால் கிள்ளினால் காணாமல் போகிற இடம் அது. அதற்குள் இப்படி ஒரு கட்டடம் கட்டி யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பின்னால் நின்ற நீலக்கோட்டும் கையில் இருந்த துணியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?" என்று நீலக்கோட்டுதான் முதலில் கேட்டாள்.

மடிப்பின் ஆழத்தில், ஒழுங்கான வரிசையில், கடுகைவிட எத்தனையோ மடங்கு சின்னதாகச் சில புள்ளிகள்.

சின்னவள் அவசரப்படவில்லை. அடுத்த ஏழு நாளில் வேறு இரண்டு செடிகளிலிருந்து இரண்டு துண்டு தயார் செய்தாள். இரண்டையும் பார்த்தாள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது படங்களை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறை வாசலில் போய் நின்றாள்.

அவர் அப்போதுதான் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படத்தை வாங்கினார்.  சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். 

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?" என்றார்.

அவள் நூலகத்தில் தேடாத புத்தகம் இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த ஊரில் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள்.

"தெரியல" என்றாள்.

"தூசியா இருக்குமோ?"

"மூணு செடியில பாத்தேன். மூணுலயும் அதே இடத்துல, அதே வரிசையில இருக்கு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கும் தெரியல" என்றார்.

இத்தனை வருஷப் படிப்பில் ஒரு வாத்தியார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லிக் கேட்டதே இல்லை.

"அப்ப... யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த மூணு வருஷம் உனக்கு அதான் வேலை." இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். "உக்காரு. எங்கேருந்து ஆரம்பிக்கலாம், நீ சொல்லு."

சின்னவள் உட்கார்ந்தாள். ஒரு வாத்தியாருக்குச் சமமாக நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.