ஃபுல் சைஸ் போட்டோ

பிளஸ் டூ முடித்ததும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டில் ஒரு வருஷம் அவகாசம் கேட்டேன். சும்மா இருக்க இல்லை. ஒரகடத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஆறு மாதம் டிரெய்னி. உற்பத்தி லைனில் நின்று பார்த்துவிட்டு, எனக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று முடிவு செய்ய வேண்டும். மீதி மாதங்களுக்குப் படப்பையில் இங்கிலீஷ் கிளாஸ். மாதவாரியாக எழுதி அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பாவுக்குக் கார் கம்பெனியில் வேலை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நாள் முழுக்கப் பார்ப்பார். "கேப் இயரா? எங்க லைன்ல கேப் இருந்தா ரிஜெக்ட்டுமா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எவனையாவது பாத்து வச்சிக்கினு கீறியா?" என்று என் செல்போனைப் பிடுங்கி நோண்டினாள். ஒன்றும் கிடைக்காததில் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

இரண்டே நாளில் அப்பா, "சரி, எடுத்துக்கோ" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். எனக்குப் பகீரென்றது. செருப்பு வாங்கவே ஒரு வாரம் சண்டை நடக்கிற வீடு எங்களுடையது. இது மட்டும் எப்படி இவ்வளவு லேசாக முடியும்? அதற்குப் பிறகு மண்ணூர் அத்தையோடு அம்மா போனில் பேசும்போது, நான் உள்ளே வந்தால் குரல் சட்டென்று இறங்கியது.

"கம்பெனில போட்டோ கேப்பாங்கல்ல, வா" என்று ஒருநாள் அம்மா என்னை ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். எனக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஷிஃப்டுக்குப் போகிறவளுக்கு எதற்கு இந்த ஜோடனை?

"லட்சணமா இருந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஸ்டுடியோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கவச்சு ஃபுல் சைஸ்தானேம்மா? ஜாதகத்தோட குடுக்கத்தானே?"

அம்மா தரையைப் பார்த்தாள். "ஒரு வருசம் வூட்லதானே இருக்கப்போற. நல்ல எடமா வருதுடி."

அடிப்பாவி! போட்டோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அதே புடவையோடு இறங்கி, பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி தாண்டவில்லை. அங்கிருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எந்தப் படிப்புமா போடணும்?" என்று கேட்டார்.

அதை யோசிக்கத்தானே ஒரு வருஷம் கேட்டிருந்தேன்.

"இந்த வருசமே சேத்துக்கறது எதுவா இருந்தாலும் போடுக்கா" என்றேன்.