இடது முன்சக்கரம்

என் மனைவிக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிய பிறகு, ஓசூரிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பழைய காரில்தான் போய் வந்தோம். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றால் கேட்க மாட்டாள். "அதுல படுத்தா அப்பவே செத்துட்ட மாதிரி இருக்குதுங்க" என்பாள்.

அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அவளுக்கு முகம் வெளுத்துவிடும். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், குழி வருவதைப் பார்த்ததும் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இறுகப் பற்றிக்கொள்வாள். காரின் முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கும். அந்த அடி நேராக அவள் இடுப்பில் போய் இறங்கும்.

"இடது பக்கந்தாங்க. என் காலுக்குக் கீழயே அடிக்குது" என்றாள் ஒருநாள்.

நான் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு காலம் தள்ளுகிறவன். ஆனாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த எனக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு ராயக்கோட்டை சாலையில் இருந்த மெக்கானிக்கிடம் போனேன். நானும் வருவேன் என்று அவளும் கிளம்பிவிட்டாள். பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்தேன்.

மெக்கானிக் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். கொஞ்சம் ஆடியது. பிறகு அடியில் படுத்து, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் கம்பியை விட்டு நெம்பினார். அதே 'டொக்'.

"ஆர்முல இருக்கற புஷ் போயிடுச்சு சார். ரப்பரே இல்ல, இரும்பும் இரும்பும் மோதுது. சக்கரத்தைப் பிடிக்கற பால் ஜாயின்ட்டும் ஆடுது. ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சிருக்குது பாருங்க."

அவள் சிரித்தாள். "என் ஸ்கேனைப் பாத்துட்டு டாக்டரும் இப்படித்தான் தம்பி அடுக்கிக்கிட்டே போனாரு."

மெக்கானிக் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"மாத்திட்டா அடிக்காதில்ல?" என்று கேட்டாள்.

"புது வண்டி மாதிரி இருக்காதுக்கா. ஆனா இந்த அடி இருக்காது."

இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஷாக் எல்லாம் மாற்றச் சொன்னேன். போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும் முன் காரைத் தரையில் இறக்கினார். தூக்கி வைத்தபடியே முறுக்கினால் புது ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அப்புறம் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் வழியிலேயே தூங்கிவிட்டாள். அந்தச் சாலையில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சிக்னலில் நின்றபோது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வந்தது.

அன்றைக்கு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி அலைக்கழிக்க வேண்டாம், வலிக்கு மருந்து தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பும்போது அவள் கேட்டாள். "அடுத்து எப்ப வரச் சொன்னாரு?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. "வர வேண்டாம்னுட்டாரு."

"வண்டி இப்பத்தான் சரியாச்சு" என்றாள். பிறகு, "அக்கா ஊட்டுக்குப் போலாமாங்க?" என்றாள்.

அவளுடைய அக்காவுக்கு சாமல்பட்டி. அந்த வாரமே கூட்டிப்போனேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் மாந்தோப்புகளைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாக ஓட்டச் சொன்னாள். வலி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தானே காரிலிருந்து இறங்கினாள். அங்கேயே தங்கிவிட்டோம்.

மாங்காய் பழுக்கத் தொடங்கிய நேரத்தில், அக்காவின் மடியிலேயே அவள் உயிர் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பியபோது அவள் அக்கா ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்தார். முன்கதவைத் திறந்தவர் அவள் உட்கார்ந்து வந்த சீட்டைப் பார்த்தார். பிறகு அதை மெல்லச் சாத்திவிட்டு, பையைப் பின் சீட்டில் வைத்தார்.